பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பின் கருவி வழி பிசியோதெரபி: எதை, எப்போது, எந்த வரிசையில்

பிளாஸ்டிக் சர்ஜரி முடிந்தவருக்குத் தரும் சிகிச்சையில் கருவியை ஆன் செய்வது ஏழாவது படி. பொது பிசியோதெரபியிலிருந்து இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அந்த ஏழாவது படியிலிருந்தே தொடங்கிவிடுகிறார்கள். முட்டிவலிக்கும் முதுகுவலிக்கும் அந்தப் பழக்கம் பெரிய கெடுதல் செய்யாமல் போகலாம். தோலைப் பிரித்து, நகர்த்தி, மறுபடி ஒட்டவைத்த இடத்தில் அது தீக்காயத்தில் முடியலாம். ஒட்டுத் தோல் விட்டுப்போவதில் முடியலாம்.

சிகிச்சை தருபவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சிகிச்சை பெறுபவர் படித்தால், தனக்கு என்ன செய்கிறார்கள், எந்தக் கேள்வியை எப்போது கேட்க வேண்டும் என்பது புரியும். இதில் எந்தப் படியும் அறுவை செய்த மருத்துவரின் சொல்லுக்கு மாற்றாகாது. அவர் சொன்னதும் இங்கே உள்ளதும் முரண்பட்டால் அவர் சொன்னதைச் செய்யுங்கள்.

எதிர்பார்ப்பையும் இப்போதே சரிசெய்துகொள்ளலாம். கருவியால் வலி குறையும், வீக்கம் சற்று வேகமாக இறங்கும், கட்டிப்போன திசு இளகும். அதனால் ஆள் சீக்கிரம் எழுந்து நடப்பார், கையைத் தூக்குவார், நன்றாகத் தூங்குவார். மீட்பு வேகமாவது பெரும்பாலும் இந்த வழியில்தான். காயம் ஆற உடலுக்குத் தேவைப்படும் வாரங்களை எந்தக் கருவியாலும் பாதியாக்க முடியாது.

1. அறுவையின் விவரத்தை எழுத்தில் வாங்குங்கள்

வெளியே தெரியும் தையலை வைத்து அறுவையின் அளவை எடை போடக் கூடாது. வயிற்றுச் சீரமைப்பில் தையல் அடிவயிற்றில் இருக்கும். ஆனால் தோலை விலா எலும்பு விளிம்பு வரை தசையிலிருந்து பிரித்திருப்பார்கள். நீங்கள் தொடப்போவது அந்தப் பிரித்த பகுதியைத்தான். அதன் எல்லை எதுவரை என்று தெரியாமல் தொடங்காதீர்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: எதுவரை தோல் பிரிக்கப்பட்டது? ஃபிளாப் (ரத்தக் குழாயோடு சேர்த்து நகர்த்தி வைத்த திசு) இருந்தால் அதற்கு ரத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? தேங்கும் நீரை வெளியேற்றும் ட்ரெயின் குழாய் எடுத்தாயிற்றா? உள்ளே இம்பிளான்ட், எக்ஸ்பாண்டர் (திரவம் ஏற்றித் தோலை விரிக்கும் பை), உலோகத் தகடு, வலை ஏதாவது உண்டா? எங்காவது கொழுப்பை ஏற்றியிருக்கிறார்களா? தசையை இழுத்துத் தைத்திருக்கிறார்களா? எந்த அசைவுக்கு, எத்தனை நாள் தடை?

நோயாளியிடம் கேட்க வேண்டியவை வேறு. பேஸ்மேக்கர், கர்ப்பம், புற்றுநோய் வரலாறு, வலிப்பு, ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து, நீரிழிவு, புகைப்பழக்கம். டாக்ஸிசைக்ளின் போல ஒளிக்கூச்சம் உண்டாக்கும் மருந்து எடுக்கிறாரா என்பதையும் கேளுங்கள். லேசருக்கு அது முக்கியம். புகைப்பவராக இருந்தால் அதைத் தனியாக அடிக்கோடிடுங்கள். நிகோட்டின் தோலின் சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், பிரித்த தோலின் ஓரங்கள் கருகும் அபாயம் அவருக்கு அதிகம்.

முடிந்தால் அறுவைக்கு முன்பே ஒருமுறை சந்தியுங்கள். மூச்சுப் பயிற்சி, கணுக்கால் அசைவு, வலி தெரியாமல் படுக்கையிலிருந்து எழும் முறை ஆகியவற்றை வலி இல்லாத நாளில் கற்றுக்கொடுப்பது எளிது. அறுவைக்கு முந்தைய அளவுகளும் கையில் இருக்கும்.

பக்கத்தில் தயாராக இருக்க வேண்டிய பொருட்கள்: அளவு நாடா, தோலில் எழுதும் பேனா, பஞ்சு, வெதுவெதுப்பான நீரும் குளிர்ந்த நீரும் உள்ள இரண்டு சோதனைக் குழாய்கள், தொடாமல் வெப்பம் பார்க்கும் தெர்மாமீட்டர், லேசரின் அலைநீளத்துக்கேற்ற கண்ணாடி, 70 சதவீத ஆல்கஹால், ஒரு குறிப்பேடு.

2. நிறுத்தும் அடையாளங்களை ஒவ்வொரு முறையும் பாருங்கள்

முதல் நாள் பார்த்தோமே என்று இதை விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு அமர்வுக்கும் இது முதல் வேலை. கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் அன்று கருவி கிடையாது, மருத்துவருக்கு அழைப்புத்தான்.

ஒரு பக்கம் மட்டும் திடீரென இறுகிப் புடைத்து, வலி ஏறிக்கொண்டே போனால் உள்ளே ரத்தம் தேங்குகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் வரும், பிறகும் வரலாம். காய்ச்சல், பரவும் சிவப்பு, சூடு, சீழ் என்றால் தொற்று. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் காலின் ஆழ் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அதோடு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு உடனே அனுப்ப வேண்டும். அழகியல் அறுவைகளில் இந்த ஆபத்து அதிகம் உள்ளவற்றில் வயிற்றுச் சீரமைப்பு ஒன்று.

ஃபிளாப் இருந்தால் நிறம், வெப்பம், அழுத்தி விட்டால் ரத்தம் திரும்பும் வேகம் மூன்றையும் பாருங்கள். வெளிறி, குளிர்ந்து, ரத்தம் மெதுவாகத் திரும்பினால் உள்ளே வரும் ரத்தம் தடைப்படுகிறது. நீலம் பாரித்து, அழுத்தி விட்டதும் சட்டென்று நிறம் திரும்பினால் வெளியேறும் ரத்தம் தடைப்படுகிறது. இரண்டிலும் நிமிடங்கள் முக்கியம். கருந்தோலில் நிற மாற்றம் எளிதில் தெரியாது. அங்கே வெப்பத்தையும் தொடுவிறைப்பையும் மறுபக்கத்தோடு ஒப்பிடுவதே நம்பகமான வழி.

புதியவர்கள் அடிக்கடி தவறவிடுவது சீரோமா, அதாவது தோலுக்கடியில் தெளிந்த நீர் தேங்குவது. பார்வைக்குச் சாதாரண வீக்கம் போலவே இருக்கும். ஒரு பக்கம் விரலால் தட்டி மறுபக்கம் கை வைத்துப் பாருங்கள். அலை போல நகர்ந்தால் அது நீர்தான். அதை ஊசி வழியாக எடுப்பது மருத்துவரின் வேலை. காற்றழுத்த உறையோ அல்ட்ராசவுண்டோ அதைக் கரைக்காது. அழுத்தினால் நீர் பக்கத்துக்கு நகர்ந்து, ஒட்டத் தொடங்கிய தோலை மறுபடி பிரிக்கும்.

3. உணர்ச்சி உள்ள இடம், இல்லாத இடம்: தோலில் வரையுங்கள்

இந்த வேலையில் நடக்கும் தீக்காயங்களுக்கு முக்கியக் காரணம் இந்தப் படியைத் தாண்டிப் போவதுதான். தோலைப் பிரிக்கும்போது நுண்ணிய நரம்புகள் அறுபடும். வயிற்றுச் சீரமைப்புக்குப் பின் தொப்புளுக்குக் கீழே, முகத் தோலை இழுத்துத் தைக்கும் ஃபேஸ் லிஃப்டுக்குப் பின் காதைச் சுற்றி, மார்பகச் சீரமைப்புக்குப் பின் மார்பின் பெரும்பகுதி பல மாதங்கள் மரத்திருக்கலாம்.

சூடு தரும் எந்தக் கருவிக்கும் பாதுகாப்பு, நோயாளி சொல்லும் சொல். “சூடு எப்படி இருக்கு? சொல்லுங்க” என்று கேட்கிறோம். மரத்த இடத்தில் அவர் உண்மையாகவே “ஒண்ணும் தெரியலை” என்பார். நாம் அளவைக் கூட்டுவோம். தோல் கொப்பளித்த பிறகுதான் இருவருக்கும் தெரியும்.

கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டு, பிறகு சூடான குழாயையும் குளிர்ந்த குழாயையும் மாற்றி மாற்றி வையுங்கள். சரியாகச் சொல்ல முடியாத, மரத்த இடத்தின் எல்லையைப் பேனாவால் கோடிட்டுப் படம் எடுங்கள். கோட்டுக்குள்ளே வெப்பக் கருவி, ஐஸ், மின்முனை எதுவும் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி வரையுங்கள். நரம்பு வளர வளர எல்லை சுருங்கும்.

வீட்டில் வெந்நீர்ப் பையும் ஐஸ் பையும் வைக்கக் கூடாது என்பதை இப்போதே, அந்தக் கோட்டைக் காட்டியே சொல்லுங்கள். வாயால் மட்டும் சொன்னால் மறந்துபோகும்.

4. அளந்து எழுதுங்கள்

அளவு இல்லாவிட்டால் கருவி வேலை செய்கிறதா என்பதை யாராலும் சொல்ல முடியாது. சுற்றளவை எலும்பு முனையிலிருந்து எவ்வளவு தூரத்தில் எடுத்தீர்கள் என்பதையும் குறியுங்கள். வலியை 0 முதல் 10 வரை, ஓய்வில் ஒன்று, அசைவில் ஒன்று என இரண்டாகக் கேளுங்கள். அசைவில் உள்ள எண்தான் மீட்பைக் காட்டும். தழும்புக்கு வான்கூவர் அளவுகோல் போதும். ரத்தச் சிவப்பு, நிறம், நெகிழ்வு, உயரம் நான்கையும் அது பார்க்கிறது. படம் எடுக்கும்போது ஒரே வெளிச்சம், ஒரே தூரம்.

5. திசு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று முடிவு செய்யுங்கள்

முதல் நான்கைந்து நாள் அழற்சிக் கட்டம். வீக்கமும் சூடும் அப்போது தேவையானவை, அவற்றோடு சண்டை போட வேண்டாம். அப்புறம் சுமார் மூன்றாம் வாரம் வரை புதிய ரத்தக் குழாய்களும், தோலுக்கு வலு தரும் கொலாஜன் என்ற புரதமும் உருவாகும் கட்டம். அதற்குப் பின் ஓராண்டு, சிலருக்கு இன்னும் அதிக காலம், அந்தக் கொலாஜன் மறுசீரமைகிறது.

இந்த மூன்றுக்கும் நடுவே மனதில் வைக்க வேண்டியது காயத்தின் வலிமை. முதல் வார முடிவில் அது இயல்பான தோலின் வலிமையில் சுமார் 3 சதவீதம். மூன்றாம் வாரத்தில் சுமார் 20. மூன்று மாதத்தில் 80 சதவீதத்தை எட்டி அங்கேயே நின்றுவிடும். தையல் பிரித்த அன்று வெளியில் மூடிய கோடாகத் தெரியும் காயம் உள்ளே எவ்வளவு பலவீனமானது என்று இதிலிருந்து தெரியும். தோலை இழுக்கும், உறிஞ்சும் கருவிகளை ஆறாம் வாரம் வரை ஒதுக்கி வைக்கச் சொல்வது இதனால்தான்.

காலண்டரை மட்டும் நம்பவும் கூடாது. நீரிழிவு, புகை, ஸ்டீராய்டு மருந்து, கதிர்வீச்சு பெற்ற தோல் ஆகியவை இருந்தால் ஒவ்வொரு கட்டமும் நீளும். அட்டவணை மூன்றாம் வாரம் என்று சொல்லி, காயத்தின் ஓரம் இன்னும் ஈரமாக இருந்தால், அவருக்கு இது இரண்டாம் கட்டம்தான்.

6. ஒரு குறி, ஒரு கருவி

இப்போது கேளுங்கள்: இவரை அதிகம் தடுப்பது எது? வலியா, வீக்கமா, கட்டியா, தழும்பின் இறுக்கமா? ஒன்றை மட்டும் எடுங்கள். அதற்கு ஒரே ஒரு கருவி.

ஒரே அமர்வில் நான்கு கருவி வைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. நோயாளிக்கு நிறைய செய்தது போல இருக்கும். ஆனால் மறுநாள் வீக்கம் கூடினால் எது காரணம் என்று தெரியாது. குறைந்தாலும் எதைத் தொடர்வது என்று தெரியாது. ஒரு கருவியை மூன்று நான்கு அமர்வு வைத்து அளந்து பார்த்த பின்பே இரண்டாவதைச் சேருங்கள்.

7. கருவியும் அதன் அளவும்

வலிக்கு டென்ஸ். தோல் வழியாக நரம்புக்கு மின்துடிப்பு அனுப்பி, வலிச் செய்தி மேலே போவதைத் தணிக்கும் கருவி இது. 80 முதல் 120 ஹெர்ட்ஸ், துடிப்பின் அகலம் 50 முதல் 100 மைக்ரோவினாடி, 20 முதல் 30 நிமிடம். துடிப்பு பலமாக, ஆனால் இதமாகத் தெரிய வேண்டும். தசை துள்ளக் கூடாது. மின்முனைகளை உணர்ச்சி உள்ள, காயமில்லாத தோலில், தையலிலிருந்து தள்ளி இரு பக்கமும் வையுங்கள். வலிக்கும் நேரத்தில் வைத்து, அது ஓடும்போதே ஆளை எழுப்பி நடக்க வையுங்கள். படுத்துக்கொண்டே முழு நேரமும் வைத்து எடுத்தால் பாதிப் பயன் வீண். பேஸ்மேக்கர் உள்ளவருக்கும், கழுத்தின் முன்பக்கத்திலும் கூடாது.

ஆரம்ப வீக்கத்துக்கும் வலிக்கும் துடிப்பு மின்காந்தப் புலம். சூடு உண்டாக்காத அளவில் வைத்தால் கட்டின் மேலேயே பயன்படுத்தலாம் என்பது இதன் பெரிய வசதி. கட்டைப் பிரித்துத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. பேஸ்மேக்கர், இதய டிஃபிப்ரிலேட்டர், எக்ஸ்பாண்டர் இருந்தால் வேண்டாம்.

கை, கால் வீக்கத்துக்கு விட்டுவிட்டு அழுத்தும் காற்றழுத்த உறை. 30 முதல் 40 மி.மீ. பாதரச அளவில் தொடங்குங்கள். நிணநீர் ஓடுவது தோலுக்குச் சற்றுக் கீழே, மெல்லிய சுவருள்ள குழாய்களில். அழுத்தம் கூடினால் அவை மூடிக்கொள்ளும், நீர் நகராது. “நல்லா இறுக்கி வையுங்க, அப்பத்தான் வேலை செய்யும்” என்று நோயாளியே கேட்பார். அந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்க வேண்டும். உறையைப் போடுமுன் அக்குளிலோ தொடை இடுக்கிலோ கையால் மெதுவாக நிணநீர் வழி திறந்துவிடுங்கள். மேலே வழியில்லாமல் கீழிருந்து தள்ளினால் தொடையின் மேற்பகுதியில் தேங்கும். கழற்றியதும் இறுக்க உடையைப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் நின்ற சில நேரத்தில் வீக்கம் திரும்பும். ரத்த உறைவுச் சந்தேகம், இதயச் செயலிழப்பு, தொற்று, காலில் தமனி அடைப்பு இருந்தால் இந்தக் கருவியே கூடாது. வயிற்று உறையைப் பிரித்த தோலின் மேல் ஆரம்ப வாரங்களில் போடாதீர்கள்.

காயத்துக்கும் இளம் தழும்புக்கும் குறைந்த சக்தி லேசர் அல்லது எல்இடி ஒளி. 630 முதல் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளி தோலுக்கு. 800க்கு மேல் உள்ள அகச்சிவப்பு ஒளி சற்று ஆழத்துக்கு. செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி இந்த ஒளியை உறிஞ்சி, செல்லின் ஆற்றல் உற்பத்தியைத் தூண்டுகிறது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

இதில் அளவைக் கணக்கிடத் தெரிய வேண்டும். ஆற்றல் என்பது சக்தியை நேரத்தால் பெருக்கியது. 100 மில்லிவாட் முனை 1 சதுர செ.மீ. இடத்தில் விழுந்தால், 4 ஜூல் கொடுக்க 40 வினாடி ஆகும். சதுர செ.மீ.க்கு 50 மில்லிவாட் தரும் எல்இடி பலகைக்கு அதே 4 ஜூல் தர 80 வினாடி. ஒரு கருவியின் நேரத்தை இன்னொரு கருவிக்கு அப்படியே போடுவது பெரிய தவறு. அளவு இரண்டு மூன்று மடங்கு மாறிவிடும். மேலோட்டமான காயத்துக்குச் சதுர செ.மீ.க்கு 2 முதல் 4 ஜூல் நல்ல தொடக்கம். கூட்டினால் பலன் கூடும் என்று நினைக்காதீர்கள். ஒரு எல்லைக்கு மேல் இந்த ஒளி செல்லின் வேலையைக் குறைக்கிறது.

கண்ணாடி இருவருக்கும் கட்டாயம். புற்றுநோய் எடுத்த இடத்தில் மருத்துவரின் எழுத்து அனுமதி இல்லாமல் கூடாது. தொற்றுத் தடுப்புக்கு முனையில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றி, ஒவ்வொருவருக்கும் புதிது போடுங்கள்.

லிப்போசக்‌ஷனுக்குப் (கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவை) பின் தட்டுப்படும் கட்டிகளுக்கு அல்ட்ராசவுண்ட். தோலுக்குக் கீழே ஒன்றிரண்டு செ.மீ.க்கு 3 மெகாஹெர்ட்ஸ், அதற்கும் ஆழத்துக்கு 1 மெகாஹெர்ட்ஸ். முதல் வாரங்களில் 20 சதவீதத் துடிப்பில் (ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் அலை வரும்), சதுர செ.மீ.க்கு 0.2 முதல் 0.5 வாட். கருவியின் தலையை நிறுத்தாமல் மெதுவாக வட்டமிட வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் அங்கே வெப்பம் குவிந்து எலும்புறை சுடும்.

இதில் ஒரு பிழை எல்லா இடத்திலும் நடக்கிறது. தலையின் பயன்படு பரப்பைப் போல இரண்டு மடங்கு இடத்துக்கு ஐந்து நிமிடம் என்பது வழக்கமான கணக்கு. ஆனால் முழு வயிற்றையும் ஐந்தே நிமிடத்தில் தடவிவிட்டு முடிக்கிறார்கள். அந்த வேகத்தில் திசுவுக்குச் சேரும் ஆற்றல் கணக்கில் வராத அளவு. கட்டிகளை விரலால் தேடி, பேனாவால் குறித்து, மோசமான இரண்டை மட்டும் எடுத்து நேரம் கொடுங்கள். தழும்பைப் பொறுத்தவரை அல்ட்ராசவுண்டுக்கான ஆதாரம் வலுவாக இல்லை; வேறு வழி இருக்கும்போது அதற்கு இதை முதலில் எடுக்க வேண்டாம்.

நாள்பட்ட கட்டிக்கும் இறுக்கத்துக்கும் ரேடியோ அதிர்வெண் வெப்பம், பேச்சு வழக்கில் டெக்கார். உள்ளிருந்து சூடேற்றிக் கொலாஜனை இளக்குகிறது. நான்கு முதல் ஆறு வாரத்துக்கு முன் வேண்டாம். மரத்த இடத்தைக் குறித்த கோட்டுக்குள் எப்போதும் வேண்டாம். தோலின் வெப்பத்தைத் தெர்மாமீட்டரில் பார்த்துக்கொண்டே இருங்கள், 40 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். பேஸ்மேக்கர், கர்ப்பம், பக்கத்தில் உலோகம், எக்ஸ்பாண்டர் இருந்தால் கூடாது. சூடு இருக்கும்போதே கையால் திசுவை நீட்டுங்கள். ஆறிய பிறகு நீட்டினால் சூடேற்றிய பயன் போய்விடும்.

உறிஞ்சும் கருவி ஆறு வாரத்துக்குப் பின், ஒட்டிவிட்ட தழும்பைத் தூக்கிப் பிரிக்க, குறைந்த இழுப்பில், சில நிமிடம் மட்டும். தோலில் நீலமாக ரத்தம் கட்டினால் அளவு அதிகம் என்று அர்த்தம்.

குளிர்க் கருவியைப் பற்றிச் சுருக்கமாக: 10 முதல் 15 நிமிடம், நடுவில் துணி. ஃபிளாப், ஒட்டுத் தோல், கொழுப்பு ஏற்றிய இடம், மரத்த இடம் நான்கிலும் கூடாது, ஏனென்றால் குளிர் ரத்தக் குழாயைச் சுருக்கும்.

8. ஓர் அமர்வை நடத்தும் வரிசை

கையைக் கழுவி, கருவியின் முனையை ஆல்கஹாலால் துடைத்து, உலர விடுங்கள். அடுத்து நிறுத்தும் அடையாளங்கள், அதன் பிறகு அன்றைய அளவு. உடல் பாகத்தை உயர்த்தி வைத்து, ஐந்தாறு ஆழ்ந்த மூச்சு எடுக்கச் சொல்லுங்கள். மூச்சின் அழுத்த மாற்றம் நெஞ்சில் உள்ள பெரிய நிணநீர்க் குழாயை இயக்கும். பிறகு மென்மையான கைத்தடவல். இதெல்லாம் முடிந்த பிறகு கருவி.

கருவி முடிந்த உடனே அசைவுப் பயிற்சி. வலி தணிந்து திசு இளகியிருக்கும் நேரம் குறுகியது, அதைப் பேச்சில் கழிக்கக் கூடாது. கடைசியில் இறுக்க உடை, மறுபடி அளவு.

முதல் அமர்வில் திட்டமிட்ட அளவில் பாதியே கொடுங்கள். அடுத்த நாள் தோலையும் வீக்கத்தையும் பார்த்த பிறகு முழு அளவுக்குப் போகலாம். வெப்பம் தந்த பிறகு வரும் சிவப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நின்றால் அடுத்த முறை குறையுங்கள். வீக்கம் மறுநாள் காலை வரை கூடியே இருந்தால் அந்த அளவு அவருக்கு ஒத்துவரவில்லை.

9. அறுவைக்கு அறுவை மாறும் இடங்கள்

லிப்போசக்‌ஷன்: கட்டிகள் பெரும்பாலும் இரண்டாம் வாரத்துக்குப் பின்தான் கைக்குத் தட்டுப்படும். அதற்கு முன் கடினமாகத் தெரிவது வீக்கம். அதை அழுத்திப் பிசைந்தால் உள்ளே புதிதாகக் காயம்பட்டு இன்னும் தடிக்கும். வலிக்க வலிக்க மசாஜ் செய்தால்தான் கட்டி கரையும் என்ற நம்பிக்கையை நோயாளியிடமிருந்து மெதுவாக விலக்குங்கள்.

வயிற்றுச் சீரமைப்பு: தசையை இழுத்துத் தைத்திருந்தால், தசையைத் துடிக்க வைக்கும் மின்பட்டையை மருத்துவர் சொல்லும்வரை எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. தையலே அறுந்துபோகலாம். முதல் நாட்களில் இடுப்பை மடித்துத்தான் நடக்க வேண்டும் என்பதால் கீழ்முதுகு வலிக்கும். டென்ஸை முதுகுக்கு வைப்பது இங்கே மிக உதவியான வேலை.

மார்பகம்: எக்ஸ்பாண்டரில் திரவம் ஏற்றும் வாயைக் கண்டுபிடிக்கப் பல வகைகளில் காந்தம் இருக்கும். அதனால்தான் மேலே இரண்டு இடத்தில் அதைத் தடையாகச் சொன்னேன். புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு என்றால் மார்பின் மேல் அல்ட்ராசவுண்டும் லேசரும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் கூடாது. சிலிக்கோன் இம்பிளான்ட்டின் மேலும் அல்ட்ராசவுண்டைத் தவிருங்கள். இங்கே நேரத்தைத் தோள்பட்டை அசைவுக்குச் செலவிடுவது நல்லது.

முகம்: கண்குழிக்கு மேல் அல்ட்ராசவுண்டும் ஒளியும் கிடையாது. சிரிக்க, புருவம் தூக்க, கண்ணை இறுக மூடச் சொல்லி இரு பக்கமும் ஒன்றாக அசைகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். புதிதாக ஒரு பக்கம் தொய்ந்தால் மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

ஒட்டுத் தோல்: முதல் ஓரிரு நாள் அது அடியில் ஊறும் நீரை உறிஞ்சித்தான் உயிர் வாழ்கிறது. பிறகு சிறு ரத்தக் குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்து, ஐந்து முதல் ஏழு நாளில் ரத்த ஓட்டம் நிலைபெறும். அதுவரை அது பசை காயாத தாள் போல. பக்கவாட்டில் சிறிது நகர்ந்தாலும் விட்டுப்போகும். அந்த நாட்களில் ஒட்டின் மேல் எந்தக் கருவியும் வேண்டாம். பக்கத்து மூட்டுகளில் மருத்துவர் அனுமதித்ததை மட்டும் அசையுங்கள்.

கொழுப்பு ஏற்றிய இடம்: புதிய கொழுப்பும் அப்படித்தான் ரத்தத்துக்குக் காத்திருக்கிறது. அழுத்தம், உறிஞ்சல், அல்ட்ராசவுண்ட், வெப்பம் நான்கும் ஆரம்ப வாரங்களில் அதைக் கொல்லலாம். கொழுப்பு எடுத்த இடத்துக்குச் சிகிச்சை தரும்போது உறை, ஏற்றிய இடத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள். பிட்டத்தில் ஏற்றியவரை மல்லாக்கப் படுக்க வைத்தே சிகிச்சை தந்துவிடும் தவறு எளிதில் நடக்கிறது.

ஃபிளாப்: ரத்தக் குழாய் நுழையும் இடத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் மேல் உறை, பட்டை, தலையணை, உங்கள் முழங்கை எதுவும் படக் கூடாது.

10. வீட்டில் நடக்க வேண்டியது

ஒரு நாளில் உங்கள் கையில் இருப்பது ஒரு மணி நேரம், மீதி வீட்டில். இறுக்க உடையில் மடிப்பு விழுந்தால் அந்த மடிப்பே தோலில் பள்ளமாகப் பதியும். மாட்டிய பின் கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள். காயம் முழுதாக மூடியபின் சிலிக்கோன் தாள், நாளுக்குக் குறைந்தது 12 மணி நேரம், இரண்டு மூன்று மாதம். தழும்பில் வெயில் படாமல் காக்க வேண்டும், இல்லாவிட்டால் கருமை நிலைத்துவிடும். தழும்பு விஷயத்தில் இந்த எளிய காரியங்களை நான் எந்த விலை உயர்ந்த கருவிக்கும் முன்னால் வைப்பேன்.

வீட்டுக்கென்று வாங்கும் கருவியை முதலில் உங்களிடம் கொண்டுவரச் சொல்லுங்கள். அளவைக் குறிக்கும் எண் இல்லாத கருவி என்றால் பயன்படுத்த வேண்டாம் என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள். டென்ஸ் என்றால் மின்முனை வைக்கும் இடத்தைத் தோலில் குறித்துப் படமெடுத்து அவர் போனிலேயே அனுப்புங்கள்.

11. எப்போது குறைப்பது, எப்போது திருப்பி அனுப்புவது

மூன்று நான்கு அமர்வில் அளவு அசையவே இல்லை என்றால் முதலில் கருவியில் வைத்த அளவையும் வைத்த இடத்தையும் சரிபாருங்கள், பிறகு கருவியை மாற்றுங்கள். மாற்றியும் அசையவில்லை என்றால் கருவி தேவைப்படாத பிரச்சினையாக இருக்கலாம்: மறைந்திருக்கும் சீரோமா, சிக்கிய நரம்பு, பொருந்தாத உடை.

தழும்பு காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்தால், அரித்தால், தடித்துக்கொண்டே போனால் அது கீலாய்டாக மாறிக்கொண்டிருக்கலாம். தேய்ப்பதும் உறிஞ்சுவதும் அதைத் தூண்டும் என்பதால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புங்கள். ஊசி வழி ஸ்டீராய்டு போன்ற வழிகள் அவரிடம் உண்டு. மார்பக இம்பிளான்ட்டைச் சுற்றி இறுகி, ஒரு பக்கம் மேலே ஏறி உருவம் மாறினாலும் அப்படியே.

நன்றாகப் போகும்போது நிறுத்துவதும் படிப்படியாகத்தான். வாரம் மூன்று அமர்வை இரண்டாக்குங்கள், பிறகு ஒன்றாக. ஒவ்வொரு குறைப்புக்குப் பின்னும் ஒரு வாரம் அளந்து பாருங்கள். அளவு நிலைத்து, வலி இல்லாமல் தன் வேலைகளைச் செய்துகொள்கிறார் என்றால் கருவியை நிறுத்திவிட்டுப் பயிற்சியை மட்டும் தொடரலாம். கடைசி அமர்வில், முதல் நாள் அளவு, கடைசி நாள் அளவு, எந்தக் கருவி, என்ன அளவு, எத்தனை அமர்வு, எங்கே இன்னும் மரத்திருக்கிறது என்பதை ஒரே பக்கத்தில் எழுதி ஒரு பிரதியை மருத்துவருக்கும் ஒரு பிரதியை நோயாளிக்கும் கொடுங்கள். அடுத்த அறுவைக்கு வரும் நாளில், அவரைப் பார்க்கப்போகும் வேறு ஒருவருக்கு அந்தப் பக்கம் தேவைப்படும்.